எஸ்டீம் டிராக் கார்: ஃபைபர் பானெட், ஃபெண்டர், டிக்கி போட்டால் எவ்வளவு குறையும்?

4 ஜூன், இரவு 9.40 (கேள்வி)
பழைய மாருதி எஸ்டீம் ஒன்று. ரோட்டில் ஓட்டப் போவதில்லை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் மட்டும்தான். பானெட், டிக்கிக் கதவு, முன் ஃபெண்டர் இரண்டு, எல்லாம் ஃபைபரில் மாற்றினால் 50 கிலோ குறையும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். நம்பலாமா? ஃபைபரா, அலுமினியமா, கார்பனா? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

5 ஜூன், காலை 7.15
50 கிலோ வராது தம்பி. நாலையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு ஓட்டினாலும் வராது.

கணக்கு இதுதான். 1 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. பாடித் தகடு சுமார் 0.7 மி.மீ., அப்படியென்றால் சதுர மீட்டருக்கு 5.5 கிலோ. இந்த அளவு காரின் பானெட் 1.3 சதுர மீட்டர் என்று வைத்தால் மேல் தோல் 7 கிலோ, அடியில் இருக்கும் ஃபிரேம் 3 கிலோ, ஆக 10. ஃபெண்டர் ஒவ்வொன்றும் 3 கிலோ. டிக்கிக் கதவு 8 அல்லது 9. மொத்தமே 25 கிலோவை ஒட்டித்தான். இதில் ஒழுங்காகச் செய்த ஃபைபர் (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது) மிச்சம் பிடிப்பது 10 கிலோ.

இது தகட்டுக் கணக்கு. உங்கள் கார் பார்ட்டைக் கழற்றி, தொங்கவிடும் டிஜிட்டல் தராசில் போட்டு எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் எந்தப் பட்டறையிடமும் பேச்சு வேண்டாம்.

5 ஜூன், காலை 7.50
காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். வேறு கார்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: சில கார்களுக்குக் கம்பெனியே அலுமினிய பானெட் கொடுத்திருக்கும். 1989 மாஸ்டா எம்.எக்ஸ்-5 அப்படித்தான். அதைக் கழற்றிவிட்டு, மேலே மட்டும் ஒரு கார்பன் துணி ஒட்டிய கனமான ஃபைபர் பானெட் மாட்டி, காசும் கொடுத்து எடையும் ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. காந்தம் ஒட்டவில்லை என்றால் அந்தப் பானெட்டைத் தொடாதீர்கள்.

5 ஜூன், இரவு 10.05
எந்தப் பொருள் என்ற கேள்விக்கு வருகிறேன். தகடு வளையாமல் நிற்பது அதன் தடிமனின் கன மடங்கைப் பொறுத்தது. பொருளின் விறைப்பு ஒரு மடங்குதான் எண்ணப்படும். அதனால்தான் விறைப்பு குறைந்த பொருளும் கொஞ்சம் தடிமனாக்கினால் போட்டிக்கு வந்துவிடுகிறது.

இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல். கையால் இட்ட மேட் ஃபைபர் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பில் ரெசின் ஊறியது) சுமார் 7. அலுமினியம் 70. கார்பன் துணியும் எபாக்சியும் சேர்ந்து, இழைகளைப் பல திசையில் போட்டால், 50 வாக்கில். 0.7 மி.மீ. இரும்பு மாதிரியே நிற்க வேண்டுமென்றால் ஃபைபர் 2.1 மி.மீ. வேண்டும், சதுர மீட்டருக்கு 3.1 கிலோ. அலுமினியம் 1 மி.மீ. போதும், 2.7 கிலோ. கார்பன் 1.1 மி.மீ., 1.7 கிலோ.

பாருங்கள், அலுமினியம் ஃபைபரை விட லேசு. ஃபைபர் ஜெயிப்பது எடையில் அல்ல, வளைவை அச்சில் எடுத்துவிடலாம் என்பதில். அலுமினியத் தகட்டில் எஸ்டீம் ஃபெண்டர் வளைவைத் தட்டி எடுக்க நல்ல கைகாரர் வேண்டும். இன்று அவருக்கு எங்கே போவது?

6 ஜூன், மதியம் 1.20 (கேட்டவர்)
அண்ணா, பட்டறைக்காரர் "மூணு லேயர் மேட், ஒரு லேயர் ரோவிங், கல்லு மாதிரி இருக்கும்" என்கிறார். நல்லதுதானே?

6 ஜூன், இரவு 8.30
கல்லு மாதிரியேதான் இருக்கும், எடையிலும்.

450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ளது) ஒரு லேயர் தன் எடையைப் போல் இரண்டேகால் மடங்கு ரெசின் குடிக்கும். ஆக ஒரு லேயர் சதுர மீட்டருக்கு சுமார் 1.45 கிலோ, தடிமன் 1 மி.மீ. 600 கிராம் ரோவிங் (தடித்த இழையில் நெய்த துணி) சரிக்குச் சரி ரெசின் குடித்து 1.2 கிலோ. ஜெல்கோட்டை (வெளித்தோலாக வரும் ரெசின் பூச்சு) பிரஷில் தாராளமாக 1 மி.மீ. அடித்தால் இன்னொரு 1.2. மூன்று மேட், ஒரு ரோவிங், ஜெல்கோட் சேர்த்தால் 6.75 கிலோ. உங்கள் 1.3 சதுர மீட்டருக்கு 8.8. அதன்மேல் பட்டி, பெயிண்ட், அடியில் ரிப் (விறைப்புக்கு ஒட்டும் பட்டைகள்). பழைய இரும்பு பானெட்டின் எடைக்கே வந்து நிற்பீர்கள். இரும்புக்கு இருந்த, மோதலில் மடங்கும் குணமும் போயிருக்கும்.

எடை குறைவதற்கான லே-அப் (லேயர் அடுக்கும் முறை): ஜெல்கோட் 0.5 மி.மீ. (0.6 கிலோ), 450 மேட் இரண்டு லேயர் (2.9 கிலோ). சதுர மீட்டருக்கு 3.5. பானெட்டுக்கு 4.6, ரிப் 700 கிராம், ஹின்ஜ் (கீல்) பிளேட்டுகள் 300 கிராம், பெயிண்ட் 250 கிராம். 6 கிலோவுக்குள் முடியும். பட்டறையில் லேயர் எண்ணிக்கையைப் பேசாதீர்கள். "பெயிண்டுக்கு முன் 5.6 கிலோ, கூடினால் எடுக்க மாட்டேன்" என்று எடையைப் பேசுங்கள்.

7 ஜூன், காலை 6.40
நேற்று எழுதியதில் ஒரு கூடுதல். இரண்டு லேயர் என்பது நடுப்பரப்புக்கு மட்டும். விளிம்பில் 25 மி.மீ. உள்மடிப்பு வேண்டும், அங்கே மூன்று லேயர். ஹின்ஜ், லாக், பானெட் பின் (பானெட்டை மேலிருந்து பூட்டும் ஊசி) ஆகியவை வரும் இடங்களில் நான்கு அல்லது ஐந்து, ஒவ்வொன்றும் முந்தையதை விட 30 மி.மீ. பெரிதாக, படிப்படியாக. ஒரே அளவில் வெட்டி அடுக்கினால் அந்த விளிம்பிலேயே வரிசையாக விரிசல் ஓடும்.

ஹின்ஜ் போல்ட்டை வெறும் ஃபைபரில் போடக் கூடாது. 2 மி.மீ. அலுமினியத் தகட்டை 80 எமரி போட்டுச் சொரசொரப்பாக்கி, மூலைகளை உருட்டி, லேயர்களுக்கு நடுவே புதையுங்கள். கார்பன் என்றால் அந்தத் தகட்டுக்கும் கார்பனுக்கும் நடுவே ஒரு லேயர் கண்ணாடித் துணி கட்டாயம். கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியம் அதைத் தொட்டால், நம் ஊர் கடல் காற்றுக்கு, வெள்ளைப் பொடியாகக் கொட்டும்.

7 ஜூன், இரவு 9.00
கோர் மேட் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். "உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று வைப்பார்களே, அது லேசாக்கும் இல்லையா?" லேசாக்காது. தடிமனாக்கும். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சதுர மீட்டருக்கு சுமார் 600 கிராம் ரெசின் குடிக்கும், 3 மி.மீ. போட்டால் 1.8 கிலோ. ஒரு மேட் லேயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தால் சரி, எடை கொஞ்சம்தான் கூடும், விறைப்பு பல மடங்கு. இரண்டு மேட்டோடு சேர்த்து வைத்தால் வீண்.

உண்மையில் லேசாக்குவது பி.வி.சி. ஃபோம். 5 மி.மீ., கன மீட்டருக்கு 80 கிலோ ரகம் என்றால் சதுர மீட்டருக்கு வெறும் 400 கிராம். ஆனால் அதை வளைவில் உட்கார வைக்க கீறல் போட்ட ஷீட்டும் வேக்குவம் பையும் வேண்டும். கையால் அமுக்கினால் நடுவில் காற்று நிற்கும், வெயிலில் அந்த இடம் உப்பும்.

9 ஜூன், காலை 10.10 (வேறொரு வாசகர்)
எபாக்சியில் செய்தால் பாலியெஸ்டரை விட பலம் என்கிறார்களே, 450 மேட்டையே எபாக்சியில் போடலாமா?

9 ஜூன், மதியம் 2.15
சாதாரண மேட்டில் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. பசை கரையாது, மேட் மூலையில் படியாமல் விறைத்து நிற்கும், நனையாமல் வெள்ளையாகவே தெரியும். எபாக்சி வேண்டுமென்றால் நெய்த துணி, 200 அல்லது 300 கிராம். துணி தன் எடை அளவுக்குத்தான் ரெசின் கேட்கும், எடை குறைவதே அதனால்தான். விலைக்கும் பொறுமைக்கும் தயார் என்றால் அந்த வழி.

9 ஜூன், மதியம் 2.40
இதைத் தனியாகவே எழுதுகிறேன், யாரும் தாண்டிப் போகக் கூடாது.

நம்மூரில் ரெசின் பல இடங்களில் கோபால்ட் (ரெசின் இறுகுவதைத் துரிதமாக்கும் திரவம்) கலக்காமல் வரும். கோபால்ட் ஒரு பாட்டில், எம்.இ.கே.பி. என்ற ஹார்ட்னர் ஒரு பாட்டில். இரண்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். அதற்குப் பிறகுதான் ஹார்ட்னர். இரண்டுக்கும் தனித்தனி அளவைக் குப்பி, தனித்தனி குச்சி, தனித்தனி அலமாரி.

ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலே பார்வைக்கு ஆபத்து. கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

10 ஜூன், காலை 6.20
அளவு: கிலோ ரெசினுக்கு ஹார்ட்னர் 10 முதல் 20 மி.லி. சென்னை வெயிலில் 10 போதும். அதற்குக் கீழே குறைத்து "நேரம் வாங்க" பார்க்காதீர்கள். ரெசின் முழுசாக இறுகாது, ஒரு மாதம் கழித்தும் நகத்தால் கீறினால் கோடு விழும். நேரம் வேண்டுமா, காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். வாளியில் மிச்சம் நின்றால் அதன் சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும்.

மேட் ரோல் ஈரம் இழுக்கும். மழை நாளில் பிரித்து வைத்ததை அப்படியே போட்டால் லேயர் பால் மாதிரி வெளுக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

10 ஜூன், இரவு 9.30
எடை எங்கே ஏறுகிறது என்று தேடினால் பெரும்பாலும் பட்டியில்தான் முடியும். பட்டி 1 மி.மீ. கனத்துக்கு சதுர மீட்டர் முழுக்கத் தேய்த்தால் 2 கிலோவை நெருங்கும். கஷ்டப்பட்டுக் குறைத்த 4 கிலோவில் பாதி பெயிண்டர் கையில் போய்விடும்.

ஆகவே பட்டியைப் பார்ட்டில் தேய்க்காதீர்கள், அச்சு எடுக்கும் முன் பழைய இரும்பு பானெட்டில் தேய்த்து முடித்துவிடுங்கள். அச்சு எடுக்கும் பானெட் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். டென்ட், அலை, கல் பட்ட புள்ளி எல்லாம் அங்கேயே சரி செய்து, பெயிண்ட் அடித்து, 1200 தண்ணி எமரி, பாலிஷ். பிறகு அச்சு மெழுகு ஆறு கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம். அதன்மேல், ஒட்டாமல் உரிவதற்கு, பி.வி.ஏ. படலம். அச்சு 6 முதல் 8 மி.மீ. தடிமன், பின்னால் மரச் சட்டமோ குழாய்ச் சட்டமோ வைத்து ஒட்டிய பிறகுதான் பானெட்டை விட்டுக் கழற்ற வேண்டும். சட்டம் வைக்காமல் கழற்றினால் அச்சே முறுக்கிக்கொள்ளும், அதில் எடுக்கும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு மூலை தூக்கி நிற்கும்.

பார்ட்டையும் அவசரப்பட்டு உரிக்காதீர்கள். பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். 24 மணி நேரமாவது அச்சிலேயே கிடக்கட்டும். ரிப்பையும் அச்சில் இருக்கும்போதே ஒட்டுங்கள், ஆனால் தோல் நன்றாக இறுகிய பிறகு. ஈரத்தோடு ஒட்டினால் மேலே ரிப் கோடு அச்சடித்த மாதிரி தெரியும்; கறுப்பு பெயிண்டில் இன்னும் மோசம்.

12 ஜூன், இரவு 8.10 (கேட்டவர்)
லேசான பானெட் என்றால் பழைய லாக்கே பிடிக்காதா? எதற்கு பானெட் பின் போட வேண்டும் அண்ணா?

12 ஜூன், இரவு 10.45
150 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 1040 நியூட்டன். பானெட்டின் மேல் சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சல் இருப்பதாக வைத்தால், 1.3 சதுர மீட்டருக்கு 400 நியூட்டன், அதாவது 40 கிலோ மேல்நோக்கி. உங்கள் பானெட் 6 கிலோ. இந்த இழுப்பை நடுவில் ஒரே லாக்கில் தாங்கவிட்டால் முன் மூலைகள் இரண்டும் தூக்கிப் படபடக்கும், படபடப்பு லாக் இருக்கும் இடத்து ஃபைபரைத் தின்னும். ஒரு நாள் மெயின் ஸ்ட்ரெய்ட்டில் பானெட் வந்து விண்ட்ஷீல்டில் சாத்திக்கொள்ளும்.

முன்னால் இரண்டு பானெட் பின், மூலையிலிருந்து 150 மி.மீ. உள்ளே. ஹின்ஜையும் எடுத்துவிட்டு நாலு பின் போடுவது இன்னும் லேசு, ஆனால் ஒவ்வொரு முறையும் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொன்று, இரும்பு பானெட்டில் மோதலின்போது மடங்குவதற்கென்றே மடிப்புகள் உண்டு. ஃபைபர் மடங்காது, முழுசாகப் பின்னால் வழுக்கும் அல்லது அப்பளமாக உடையும். பானெட் பின் இருந்தால் குறைந்தபட்சம் வழுக்காது.

மூடும்போது மேலிருந்து விடாதீர்கள். லேசாக இருப்பதால் லாக் பிடிக்காது, நடுவில் உள்ளங்கையால் அமுக்கினால் ஜெல்கோட்டில் நட்சத்திர விரிசல். லாக்குக்கு நேர் மேலே இரண்டு கையாலும்.

13 ஜூன், காலை 7.00
சூடு. பாலியெஸ்டரில் சாதாரண ரகமான ஆர்த்தோ ரெசின் 65, 70 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (இன்ஜின் புகைக் குழாய்) மேலே அது சர்வ சாதாரணம். சூடு கூடத் தாங்கும் ஐசோ ரெசின் கேட்டு வாங்குங்கள். வினைல் எஸ்டர் இன்னும் நல்லது. அடியில் அலுமினியக் கவசம், ஃபைபரைத் தொடாமல் 10 மி.மீ. இடைவெளியில். ஒட்டி வைத்தால் பாதிப் பலன்தான். பாலியெஸ்டர் நன்றாக எரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்ட வேண்டும்.

14 ஜூன், இரவு 9.20
டிக்கி விஷயம் இன்னொரு முறை யோசித்துப் பார்த்தேன். முதல் பதிலில் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கூட்டிவிட்டேன், ஆனால் கிலோ எந்த இடத்திலிருந்து போகிறது என்பது இந்தக் காருக்கு முக்கியம்.

எஸ்டீம் முன் சக்கர இழுவை, மூக்கு கனமான கார். வீல்பேஸ் 2365 மி.மீ. டிக்கிக் கதவின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 700 மி.மீ. பின்னால் என்று வையுங்கள். அங்கே 3.5 கிலோ எடுத்தால் பின் சக்கரங்களில் 4.5 கிலோ குறையும், முன் சக்கரங்களில் 1 கிலோ கூடும். பானெட்டில் எடுக்கும் 4 கிலோ முழுக்க முன் அச்சிலிருந்து போகிறது. ஆகவே காசு குறைவென்றால் பானெட், பிறகு ஃபெண்டர். டிக்கி கடைசி. அந்தக் காசில் பேட்டரியைப் பின்னால் நகர்த்துங்கள்.

டிக்கி போட்டே தீருவேன் என்றால்: கதவைத் தூக்கும் முறுக்குக் கம்பி இரண்டில் ஒன்றைக் கழற்றுங்கள், இல்லையேல் லாக் திறந்ததும் தாடையில் அடிக்கும். கதவில் இருக்கும் விளக்குக்கு எர்த் பாடி வழியாக வருகிறதா என்று பாருங்கள்; ஃபைபரில் எர்த் கிடையாது, தனி வயர் இழுக்க வேண்டும். "புது டிக்கி போட்டதும் லைட் எரியல" என்று எலக்ட்ரீஷியனிடம் போகும் கார்களில் பாதி இதுதான்.

15 ஜூன், காலை 8.00
கதவையும் ஃபைபரில் மாற்றலாமா என்று கேட்டவருக்கு: ரோல் கேஜும் (காருக்குள் போடும் பாதுகாப்புக் குழாய்ச் சட்டம்) அதில் பக்கவாட்டுக் குழாய்களும் இல்லாமல் கூடாது. கதவுக்குள் இருக்கும் பீம் உங்கள் இடுப்பைக் காப்பது. பின் குவார்ட்டரும் கூரையும் வெல்டிங், அதை வெட்டினால் பாடியின் முறுக்குப் பலமே போகும்.

ரோட்டில் ஓட்டும் காருக்கு இப்படிச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டிராக்குக்கும் விதி உண்டு. போட்டி வகுப்பின் விதிப் புத்தகத்தில் பேனல் எந்தப் பொருள், குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று பார்த்துவிட்டு அச்சு மெழுகை வாங்குங்கள். குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் ஈயக் கட்டி வைக்கச் சொல்வார்கள். அதிலும் லாபம் உண்டு: மேலே இருந்த எடை தரை மட்டத்தில், நீங்கள் விரும்பும் இடத்தில்.

15 ஜூன், இரவு 9.50 (வேறொரு வாசகர்)
ஃபைபர் பாடி எல்லாம் நம்ம நாட்டுக்குச் சரிப்படாது, உடைஞ்சா யார் ஒட்டுறது.

15 ஜூன், இரவு 10.20
பெங்களூரில் 1980-களில் சிபானி டால்பின் ஃபைபர் பாடியோடுதான் வந்தது. 2001-ல் ரேவா வந்தபோது இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பேனல். டால்பின் ராலியில் ஓடிய கார். ஒட்டுவதும் பெரிய வித்தை இல்லை: விரிசலின் இரு பக்கமும் 50 மி.மீ. சரிவாகத் தேய்த்து, பின்பக்கம் இரண்டு லேயர். பின்பக்கம் ஒட்டாமல் மேலே பட்டி மட்டும் பூசினால் அடுத்த குலுக்கலில் திறந்துகொள்ளும்.

17 ஜூன், காலை 6.50
பேனலை விட்டுக் கொஞ்சம் விலகி, கண்ணாடி. காரில் மேலே இருக்கும் கனம் அதுதான். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, 3 மி.மீ. பாலிகார்பனேட் 3.6. ஒரே அளவு பரப்பில் பானெட்டை விட இரண்டு மடங்கு மிச்சம். முன் விண்ட்ஷீல்டைத் தொடாதீர்கள், அது லேமினேட்டாகவே இருக்கட்டும். பக்கமும் பின்னாலும் மட்டும், விதி அனுமதித்தால்.

துளை போடும்போது போல்ட்டை விட 3 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். ஒரு மீட்டர் நீளத் துண்டு 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் 2.7 மி.மீ. நீளும். இறுக்கிப் பூட்டினால் முதல் வெயிலில் துளையிலிருந்து விரிசல். ரப்பர் வாஷர் வையுங்கள், சாதா பி.வி.சி. வாஷர் வேண்டாம். பெட்ரோல், தின்னர் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, அவ்வளவே.

21 ஜூன், இரவு 8.40 (கேட்டவர்)
முதல் பானெட் உரித்தாச்சு. பெயிண்டுக்கு முன் 6.9 கிலோ. ரிப், பிளேட் எல்லாம் சேர்த்து. லேயர் இரண்டுதான் போட்டோம், சத்தியமாக.

21 ஜூன், இரவு 9.15
1.3 கிலோ கூடுதல். இரண்டு இடம்தான் இருக்க முடியும். ஜெல்கோட்டை பிரஷில் இரண்டு கை அடித்தீர்களா? 1 மி.மீ. ஆகியிருந்தால் அதுவே 800 கிராம். மிச்சம் ரெசின். மேட்டின் எடையை முதலில் தராசில் போட்டு, அதற்கு இரண்டேகால் மடங்குக்கு மேல் வாளியில் கலக்கவே கூடாது. "பத்தல" என்று தோன்றும், ஆனால் இரும்பு ரோலரால் மையத்திலிருந்து வெளியே உருட்டினால் போதும். பளபளவென்று ரெசின் குளம் நின்றால் அது பலம் இல்லை, எடை.

விளிம்பு வெட்டியாச்சா? வெட்டாத விளிம்பே 300 கிராம் இருக்கும்.

21 ஜூன், இரவு 9.40 (கேட்டவர்)
வெட்டவில்லை. ஜெல்கோட்டும் இரண்டு கை.

21 ஜூன், இரவு 9.55
சரி, வெட்டிவிட்டு எடை போடுங்கள். தண்ணி விட்டுக்கொண்டே வெட்டுங்கள், முகமூடி, முழுக்கைச் சட்டை. இந்தப் பானெட்டையே மாட்டி ஓட்டுங்கள், ஃபெண்டரில் சரி செய்துகொள்ளலாம். ஃபெண்டர் அச்சைச் சக்கர வளைவுக்கு மேலே இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள், உள்மடிப்பு இருப்பதால் ஒரே துண்டு அச்சிலிருந்து வெளியே வராது. போல்ட் துளைகளைப் பழைய ஃபெண்டரைப் பார்த்துப் போடாதீர்கள். பானெட், கதவு இரண்டையும் மூடி, ஃபெண்டரை டேப் போட்டு நிறுத்தி, இடைவெளி சரியாக வந்த பிறகு காரிலேயே குறித்துத் துளையிடுங்கள்.